சுவரோடு பேர்த்த பத்திரம்

ஹூலர்பெக்,
மார்ச் 3

அடி ஹெட்விக்,

உன் கடுதாசி வந்துச்சு. அடுப்புல இருந்து இறக்கின சட்டிய மாதிரி துணி வச்சுப் பிடிச்சுத்தான் பிரிச்சேன், அவ்வளவு சூடு. வரிக்கு வரி பத்திரம், பத்திரம், பத்திரம். அண்ணன் உசுரோட இருக்கானான்னு ஒரு வார்த்தை இல்ல. இருக்கேன். நீ கேக்காட்டியும் சொல்லணும்ல.

நம்ம கொன்கோர்டியா கிளப் சனிக்கிழமையும் தோத்துப்போச்சு. நம்ம கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் போனானா, பஸ்ஸைப் பிடிக்கப் போனானான்னு தெரியல, அந்தப் பக்கம் ஓடிட்டான். ஆட்டம் முடிஞ்சதும் டனுட்டாவோட பீர்க்கடையில ஒரே சண்டை. ஆட்டத்தைப் பத்தி இல்ல. எல்லாரும் கிளப்புக்குக் காசு குடுத்து வாங்கின கடன் பத்திரத்தைப் பத்தித்தான்.

ஓட்டோகரைத் தெரியும்ல, வரி ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன், பீர்ல நுரை எவ்வளவு, பீர் எவ்வளவுன்னு அளந்து குடிக்கிறவன். அவன் எந்திரிச்சு நின்னான். "கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிச்சுன்னா டிவி காசு நின்னுரும். அப்ப பேங்க்காரன் முதல் வரிசையில நிப்பான், வரிக்காரன் ரெண்டாவது, நம்ம எல்லாம் கக்கூஸுக்குப் பின்னாடி நிப்போம்"னான். உடனே நம்ம லோத்தர், அதான் கேலரியில மெகாஃபோன் வச்சுக்கிட்டு எல்லாரையும் பாட வைக்கிறவன், "நீ ரசிகனாய்யா, வட்டிக்காரனாய்யா?"ன்னு பாஞ்சான். டனுட்டா கிளாசைத் துடைச்சுக்கிட்டே சொன்னா: "டேய், நீங்க எல்லாம் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கீங்க. கலர் கலரா, தங்க ஓரம் போட்டு, பழைய கேப்டன் படம் போட்டு எதுக்கு அச்சடிச்சாங்க? பாதிப் பேரு கழட்டவே மாட்டீங்கன்னு கிளப்புக்குத் தெரியும். அவங்க நம்புறது கோல்கீப்பரை இல்லடா, உங்க வீட்டு ஆணிய."

லோத்தர் பீரைக் குடிக்க ஆரம்பிச்சான். நானும்தான்.

நீ கேட்டதுக்குப் பதில் அடுத்த கடுதாசியில. புறாவுக்குத் தீனி வைக்கணும்.

உன் அண்ணன்,
எவால்ட்


நோர்டர்ஹாஃபன்,
மார்ச் 9

அண்ணா,

நீ புறாவுக்குத் தீனி வைக்கிறேன்னு எழுதினா ஏதோ மறைக்கிறேன்னு அர்த்தம். அம்மா இருந்த காலத்துல இருந்து இதே சாக்குத்தான்.

உனக்குப் புரியுற மாதிரி ஒரு தடவை எழுதுறேன். பீர்க்கடையில வாசிச்சுக் காட்டாத.

நான் நாலாவது மாடியில இருக்கேன். லிஃப்ட் இல்ல. என் முட்டி ரெண்டும் போயிருச்சு. பனிக்காலம் ஆரம்பிச்சப்போ மேல ஏறினவ, இன்னும் கீழ இறங்கல. பேக்கரிக்காரன் வந்தா ஜன்னல் வழியா கூடையக் கயித்துல கட்டி இறக்குறேன், அவன் ரொட்டியப் போட்டு அனுப்புறான். போன வாரம் காத்துல கூடை ரெண்டாவது மாடிக்காரன் ஜன்னல்ல மோதிருச்சு. அவன் ரொட்டிய எடுத்துக்கிட்டு நன்றின்னு கத்துறான்.

லிண்டன்ஹோஃப்ல, நம்ம ஊர்லயே, ஸ்டேடியத்துக்கு எதிர்ல, முதியோருக்கான வீடு ஒண்ணு எனக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க. தரைத்தளம். வாசல்ல ஒரு படி கூடக் கிடையாது. ஜூன் மாசம் பொறக்கிறதுக்குள்ள முன்பணம் கட்டணும். கட்டாட்டி வேற ஆளுக்கு. அப்பாவோட தோட்டத்தை வித்து நாம ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது அந்தப் பத்திரம். வாங்கும்போது நீதான் சொன்ன, "கிளப்புக்கு ஸ்டேடியத்துக் கூரை, நமக்கு வட்டி"ன்னு. போட்ட முதல் மே கடைசியில திரும்பி வரணும். பத்திரத்தை நேர்ல ஒப்படைச்சாத்தான் காசு. அவ்வளவுதான் விஷயம்.

உன் வீட்டுக்கு வரலாம்ல அப்படின்னு எழுதாத. உன் வீட்டுல கக்கூஸ் மாடியில இருக்கு, படிக்கட்டு ஏணி மாதிரி இருக்கு. நாலு மாடியில மாட்டிக்கிட்டவ ஒரு மாடியில மாட்டிக்க அவ்வளவு தூரம் வரணுமா?

எனக்குப் பிள்ளை இல்ல, உனக்குப் புத்தி இல்ல. பத்திரத்தை ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு.

ஹெட்விக்


ஹூலர்பெக்,
மார்ச் 15

அம்மாடி ஹெட்விக்,

உக்காந்துக்கோ. உக்காந்துதான் இருப்ப, சரி. கையில டீ இருந்தா கீழ வை.

பத்திரத்தைத் தபால்ல அனுப்ப முடியாது. ஏன்னா வீட்டையும் சேர்த்து அனுப்பணும்.

நம்ம ஊரு நிலைமை உனக்கே தெரியும். கீழ பூராம் சுரங்கம் தோண்டித் தோண்டி வீடெல்லாம் சாய்ஞ்சு கிடக்கு. என் வீட்டுல ஒரு உருளைக்கிழங்கு கீழ விழுந்தா தானாவே உருண்டு கதவுக்குப் போயிரும், அவ்வளவு சாய்வு. எந்தச் சட்டத்தை மாட்டினாலும் ஒரு மாசத்துல கோணும், ரெண்டு மாசத்துல விழும். அம்மா போட்டோவே மூணு தடவை கண்ணாடி போட்டாச்சு. அதனால நான் ஒரு யோசனை பண்ணினேன். சுவர்க்காகிதம் ஒட்டுற பசை மிச்சம் இருந்துச்சு. பத்திரத்துக்குப் பின்னாடி நல்லாத் தடவி, கூடத்துச் சுவர்ல ஒட்டி, பிரஷ்ஷால நீவி விட்டுட்டேன். ஒரு சுருக்கம் இல்ல. லோத்தர் வந்து பாத்துட்டு கண்ணீர் விட்டான். "இது மாதிரி எவன் வீட்டுலயும் இல்ல எவால்ட்"ன்னான். உண்மைதான். எவன் வீட்டுலயும் இல்ல.

உன் முதல் கடுதாசி வந்த அன்னைக்கே ஆவி காட்டிப் பாத்தேன். கத்தி வச்சு மெதுவா ஒரு மூலையக் கிளப்பிப் பாத்தேன். கேப்டனோட இடது காது வந்துருச்சு. அதோட நிறுத்திட்டேன்.

சிரிக்காத. இல்ல, சிரி. திட்டுறதை விட அது நல்லது.

இப்ப அடுத்தது. இது சிரிக்கிற விஷயம் இல்ல. கிளப்புல இருந்து பத்திரக்காரங்க எல்லாருக்கும் கடுதாசி வந்திருக்கு. மே மாசம் முதலைத் திருப்பித் தர காசு இல்லையாம். இன்னும் அஞ்சு வருஷம் தள்ளிப் போட எங்க சம்மதம் வேணுமாம். ஏப்ரல் இருபத்தாறு கூட்டம். நாலுல மூணு பங்கு சரின்னு சொல்லிட்டா, மாட்டேன்னு சொன்னவனையும் அது கட்டுமாம். எனக்கு எட்டாவதோட படிப்பு நின்னுச்சு, அந்த வரிய மூணு தடவை படிச்சேன். நான் சரின்னு சொல்லாட்டியும் நான் சரின்னு சொன்னதா ஆயிருமாம். இது எப்படி இருக்கு பாத்தியா? உன் புருஷன் பெர்ன்வார்ட் கல்யாணம் பேச வந்தப்போ அப்பா கூட உன்னைய ஒரு வார்த்தை கேட்டாரு.

ஓட்டோகர்கிட்ட போய்க் கேட்டேன். "மாட்டேன்னு எல்லாரும் சொல்லிட்டா?"ன்னேன். "கிளப் திவால். நூறு குடுத்தவனுக்கு நாலோ அஞ்சோ வரும், அதுவும் பல வருஷம் கழிச்சு"ன்னான். "சரின்னு சொல்லிட்டா?"ன்னேன். "அஞ்சு வருஷம் கழிச்சு இதே கூட்டம் இன்னொரு தடவை நடக்கும்"னான். "அப்ப எதுல தப்பிக்கலாம்?"ன்னேன். கண்ணாடியக் கழட்டித் துடைச்சான். "வாங்காம இருந்திருக்கணும்"னான். "நீயும்தானய்யா வாங்கின"ன்னேன். "ஆமா. மெத்தைக்கு மேல மாட்டியிருக்கேன்"னான்.

என்ன பண்ணட்டும், சொல்லு.

எவால்ட்


நோர்டர்ஹாஃபன்,
மார்ச் 21

அண்ணா,

முதல்ல சிரிச்சேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி என்ன ஆச்சுன்னு கேக்குற அளவுக்குச் சிரிச்சேன். அப்புறம் ரெண்டு நாள் உனக்கு எழுதக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் கூடையில ரொட்டி இழுக்கும்போது தோள் பிடிச்சுக்கிச்சு, கூடைய பாதி வழியில விட்டுட்டு நின்னேன். மேலயும் வராம கீழயும் போகாம அது அங்கயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. நான் அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

சுவரை வெட்டு.

கூட்டத்துக்குப் பத்திரத்தைக் காட்டினாத்தான் ஓட்டு அட்டை குடுப்பாங்கன்னு எனக்கு வந்த கடுதாசியில போட்டிருக்கு. நான் கையெழுத்துப் போட்டு இதோட ஒரு தாள் வச்சிருக்கேன், என் பங்குக்கும் நீயே ஓட்டுப் போடலாம். போட்டா "இல்லை"ன்னு போடு. ஓட்டோகர் சொல்ற நாலு, அஞ்சு எனக்கும் புரியுது. நான் முப்பது வருஷம் கேன்டீன்ல சாப்பாடு போட்டவ, ஒரு பானையில என்ன இருக்குன்னு மூடியத் திறக்காமயே தெரியும். பானை காலி. ஆனா காலிப் பானைய எனக்கு முன்னாடி வச்சுட்டு, நானே வேணாம்னு சொன்னதா எழுதிக்கிறது இருக்கே, அதுக்கு நான் ஆள் இல்ல.

உனக்கு என்ன பயம்னு தெரியும். நாப்பது வருஷமா நிக்கிற அந்தக் கேலரிப் படி. லோத்தர் ஒரு பக்கம், ஓட்டோகர் ஒரு பக்கம். அவங்க மூஞ்சியத் திருப்பிருவாங்கன்னு. திருப்பட்டும். அவங்க மூஞ்சி என்ன, பாக்கப் பாக்கத் தெவிட்டாத மூஞ்சியா?

ஹெட்விக்

சுவர்ல கரண்டு வயர் போகுதான்னு பாத்துட்டு வெட்டு.


ஹூலர்பெக்,
ஏப்ரல் 28

அம்மாடி,

வெட்டினேன். உளியும் சுத்தியலும் போதும்னு நினைச்சேன், அந்தச் சுவர் ஒத்தைச் செங்கல் சுவரு, அடிச்சதும் அந்தப் பக்கம் வரைக்கும் போயிருச்சு. இப்ப கூடத்துல உக்காந்துக்கிட்டே சமையக்கட்டுல பால் பொங்குதான்னு பாக்கலாம். வசதிதான்.

செங்கல்லோட சேர்ந்து ஒரு பாளமா வந்துச்சு. தலகாணி போட்டுத் தள்ளுவண்டியில வச்சு, கூட்டம் நடக்குற ஹாலுக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். வழியெல்லாம் ஜனம் நின்னு பாக்குது. வாசல்ல மேசை போட்டு ஒரு பொண்ணு உக்காந்திருந்தா.

"பத்திரம் எங்கய்யா?"ன்னா.

"இதான்மா."

"இது சுவரு."

"பத்திரம் இதுல இருக்கு. மிச்சம் வீடு."

"பின்பக்கம் நம்பர் இருக்கும், திருப்பிக் காட்டுங்க."

"பின்பக்கம் என் சமையக்கட்டும்மா."

வரிசையில நின்னவன் எல்லாம் சிரிச்சு உருண்டான். அந்தப் பொண்ணும் சிரிச்சுட்டு, முன்பக்கமே பேரு இருக்கு, போதும்னு அட்டையக் குடுத்துட்டா. பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. அது வரைக்கும் நான் ராஜா. எல்லாரும் முதுகுல தட்டுறான், ஒருத்தன் பீர் வாங்கிக் குடுத்தான்.

தலைவர் பேசினாரு. கும்பிடாத குறை. "நீங்க இல்லாட்டி நாளைக்கு இந்த கிளப் இல்ல"ன்னாரு. ஒரு கிழவி எந்திரிச்சு, "நாங்க இல்லாட்டி நேத்தே இல்லையேய்யா"ன்னா. அவளைப் பேச விடல. லோத்தர் மெகாஃபோனை எடுத்து நம்ம பாட்டை ஆரம்பிச்சுட்டான். ஹெட்விக், ஹால் பூராம் எந்திரிச்சுப் பாடுது. உனக்குத் தெரியும், அந்தப் பாட்டு வந்தா என் வாய் என்னைக் கேக்காது. நானும் பாடினேன். பாடிக்கிட்டு இருக்கும்போதே "சம்மதிக்கிறவங்க"ன்னு கேட்டாங்க. காட்டுல இலை துளிர்த்த மாதிரி எங்க பாத்தாலும் பச்சை. ஓட்டோகரும் பச்சை. இத்தனை வாரமா கிளப்பை நம்பாதீங்கன்னு கத்தினவன். நான் அவனையே பாத்தேன். "கணக்குப் போட்டுட்டேன், வேற வழி இல்ல"ன்னான், என் மூஞ்சியப் பாக்காம.

என் பச்சை அட்டை சட்டைப் பையிலயே இருந்துச்சு. தூக்கல.

அப்புறம் "மறுக்கிறவங்க"ன்னு கேட்டாங்க. பாட்டு நின்னு போச்சு. நான் சிவப்பைத் தூக்கினேன். ஹால்ல அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான். பின்னாடி இருந்து ஒருத்தன் கத்தினான்: "சுவரைத் தூக்கிட்டு வந்தவன் கிளப்பையே இடிக்க வந்துட்டான்டா!" சிரிப்பு. முதல் சிரிப்பு மாதிரி இல்ல இது.

அவ்வளவுதான். அஞ்சு வருஷம் தள்ளிப் போச்சு. நம்ம ரெண்டு பேரும் சம்மதிச்சதா ஆயிருச்சு.

பாளத்தைத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வந்தேன். தலகாணிய எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்.

எவால்ட்


நோர்டர்ஹாஃபன்,
ஜூன் 4

அண்ணா,

லிண்டன்ஹோஃப் வீட்டை ஒரு பல் டாக்டரோட மாமியாருக்குக் குடுத்துட்டாங்க. அடுத்தது எப்ப காலியாகும்னு போன்ல கேட்டேன். "யாராவது போனாத்தான்மா"ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. எங்க போனாத்தான்னு நான் கேக்கல.

நீ சிவப்பைத் தூக்கினதை முதல்ல நம்பல. நீ கதை விடுறவன். டனுட்டா போன் பண்ணினா. "உங்க அண்ணனுக்குப் பக்கத்துல இப்ப யாரும் உக்காருறது இல்ல. மூலையில தனியா உக்காந்து அவனே ஜோக் சொல்லி அவனே சிரிக்கிறான்"னா. அப்புறம் நம்பினேன்.

வேற எழுத ஒண்ணும் இல்ல. இங்க வெயில் நல்லா இருக்காம். பேக்கரிக்காரன் சொன்னான்.

ஹெட்விக்


ஹூலர்பெக்,
ஆகஸ்ட் 30

அடி ஹெட்விக்,

நான் எழுதின மூணு கடுதாசிக்கும் பதில் இல்ல. கோவமா, இல்ல கூடையில போட்டு இறக்கும்போது காத்துல போயிருச்சா?

ஒரு சேதி. ஓட்டோகர் பயந்த மாதிரியே கிளப் ஒரு டிவிஷன் கீழ இறங்கிருச்சு, பேப்பர்ல பாத்திருப்ப. இறங்கினதுல ஒரு நல்லது. இனிமே உங்க ஊர் மாதிரி சின்ன ஊருக்கெல்லாம் ஆட வரணும். செப்டம்பர் பதினாலு, நோர்டர்ஹாஃபன்ல ஆட்டம். இங்க இருந்து ஒரு பஸ் வருது.

போன வாரம் டனுட்டா கடையில நான் மூலையில உக்காந்திருந்தேன். லோத்தர் டிக்கெட் பேரு எழுதிக்கிட்டு வந்தான். ஏப்ரல் கூட்டத்துல இருந்து என்கிட்ட பேசாதவன். "ஒண்ணா ரெண்டா?"ன்னான். "ரெண்டு. ஒண்ணு என் தங்கச்சிக்கு. ஆனா அவ வர மாட்டா, நாலாவது மாடியில மாட்டிக்கிட்டா. அவ இறங்குறதுக்கு வச்சிருந்த காசு உங்க கூரையில இருக்கு"ன்னேன். கிண்டலாத்தான் சொல்ல வந்தேன், வரும்போது வேற மாதிரி வந்துருச்சு. லோத்தர் பென்சிலைக் காதுல சொருகினான். "படிக்கட்டு அகலமா, குறுகலா?"ன்னான்.

அதனால பதினாலாந்தேதி காலையில நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு ரெடியா இரு. கதவைத் தாப்பாப் போடாத.

பாளத்தையும் கொண்டு வர்றேன். உன் பாதி உனக்குச் சேரணும்ல.

எவால்ட்


நோர்டர்ஹாஃபன்,
செப்டம்பர் 17

அண்ணா,

நீ பஸ்ல ஏறும்போது அழுததை நான் பாத்தேன். தூசின்னு எழுதாத, அன்னைக்கு மழை.

மத்தவங்க வாயில வர்றதுக்கு முன்னாடி நானே எழுதிடுறேன். இறக்கும்போது கல்யாண ஊர்வலம்தான். சமையக்கட்டு நாற்காலியில உக்கார வச்சு, உங்க மஃப்ளரை எல்லாம் முடிச்சுப் போட்டு என்னைக் கட்டி, லோத்தர் முன்னாடி, ஓட்டோகர் பின்னாடி, ஒவ்வொரு மாடியிலயும் பாட்டு. ரெண்டாவது மாடிக்காரன் கதவைத் திறந்து பாத்தான். "என் ரொட்டி எங்கடா?"ன்னு கேட்டேன். மாசக்கணக்கா மனசுல வச்சிருந்தது.

கீழ வந்ததும் நீங்க எல்லாம் ஸ்டேடியத்துக்கு அவசரப்பட்டீங்க. நான் கொஞ்சம் நில்லுங்கன்னேன். செருப்பைக் கழட்டிட்டு ஈரத் தரையில கால வச்சேன். நீ ஏதோ கிண்டல் பண்ணின, என்னன்னு காதுல விழல.

ஆட்டம் எப்படின்னு என்னைக் கேக்காத. அந்தக் கோல்கீப்பர் திருந்தவே மாட்டான். ஆனா நமக்கு ஒரு கோல் விழுந்தப்போ என் நாற்காலியோட தூக்கிட்டாங்க பாரு, அப்ப எனக்குக் காசு, வீடு, பல் டாக்டர் மாமியார் ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அந்தக் கத்தலுக்காகத்தான் நாம அந்தப் பத்திரத்தை வாங்கினோம். கிளப்புக்காரங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கு.

திரும்ப ஏத்தும்போது யாரும் பாடல. நீ என் கைப்பைய வச்சுக்கிட்டுப் பின்னாடி வந்த. மூணாவது மாடித் திருப்பத்துல என்னை இறக்கி வச்சுட்டு மூச்சு வாங்கினாங்க. ஓட்டோகர் மூஞ்சி வெள்ளையா இருந்துச்சு. "அந்தப் பச்சை அட்டை இதை விட லேசா இருந்துச்சா ஓட்டோகர்?"ன்னு கேட்டேன். லோத்தர் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் மறுபடியும் தூக்கினாங்க. உள்ள கொண்டாந்து ஜன்னல் பக்கத்துல, எடுத்த அதே இடத்துல, அலுங்காம வச்சாங்க. மஃப்ளரை ஒவ்வொண்ணா அவுத்துக்கிட்டாங்க. "அடுத்த வருஷமும் இங்க ஆட்டம் இருக்கும்மா"ன்னான் லோத்தர். நல்ல பையன்தான். கீழ பஸ்ல எல்லாரும் ஏறுறதை மேல இருந்து பாத்தேன். யாராவது ரொட்டி கேட்டா இறக்கலாம்னு கூடையக் கையிலயே வச்சிருந்தேன். யாரும் நிமிந்து பாக்கல.

நீ வேணும்னே பண்ணினியா, மறந்தியான்னு தெரியல, அந்தப் பாளம் இங்கயே இருக்கு. மேல தூக்கிட்டு வந்த பையன் இனிமே அதைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டுப் போனானாம். என்னால நகர்த்தக்கூட முடியல. ஜன்னலுக்குக் கீழ சாத்தி வச்சிருக்கு, ஒரு காது இல்லாத கேப்டன் என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான். டீ கப்பை அது மேலதான் வைக்கிறேன்.

அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் கூட்டம் வரும்ல. அப்ப அது இல்லாம உனக்கு ஓட்டு அட்டை குடுக்க மாட்டாங்க. ஆள் அனுப்பு. எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே இறக்கச் சொல்லு.

ஹெட்விக்